'முடியும் சார்' என்று அவன் சொன்னாலும் ஓடவிடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும், தலைமை ஆசிரியர்களுக்கும், என்னோடு வெயிலில் நின்று விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் குறுவட்டப் போட்டிக்கான, அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையிலான முதல் கட்டத் தடகளப் போட்டிக்கான நுழைவுப் படிவம் உங்கள் மேசைக்கு வருகிறது. அதைக் கையில் எடுத்ததுமே உங்கள் பள்ளியில் எல்லோரையும்விட வேகமாக ஓடும் பிள்ளையின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வரும். 100 மீட்டருக்கு அந்தப் பெயரை எழுதுவீர்கள். 200 மீட்டருக்கும் அதையே எழுதுவீர்கள். ஓடுகிற பிள்ளைக்குத் தாண்டவும் வரும் என்று நீளம் தாண்டுதலில் சேர்ப்பீர்கள். அதற்குப் பிறகு இரண்டு தொடர் ஓட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளை இல்லாமல் தொடர் ஓட்டத்தில் என்ன ஜெயிக்க முடியும்? அதிலும் எழுதிவிடுவீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையால் நிரப்பிய படிவங்களை நினைத்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

1999-ஆம் ஆண்டில் என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். பத்தாம் வகுப்பு. பெயரைச் சொல்லப் போவதில்லை. பள்ளியின் பெயரும் வேண்டாம். காலை ஐந்தரை மணிக்கு நான் மைதானத்துக்குப் போகும்போது எனக்கு முன்னால் வந்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருப்பான். செம்மண் தரை. ஸ்டார்டிங் பிளாக் கிடையாது. குதிகாலால் மண்ணைக் கிளறி இரண்டு குழி தோண்டிக்கொள்வான். கைக்கடிகாரத்தில் 11.2 விநாடி. கையால் எடுத்த நேரம்தான், அதிலும் நான் ஆசையோடு எடுத்த நேரம். அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த மண்ணில் அது பெரிய ஓட்டம். அவன் ஓடும்போது தோள்கள் அசையாது. அதைச் சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாது.

மாவட்டப் போட்டி இரண்டு நாள். முதல் நாள் காலையில் 100 மீட்டர் முதல் சுற்று, பதினோரு மணிக்கு அரையிறுதி, மதியம் இறுதி. இடையில் நீளம் தாண்டுதல், ஆறு தாண்டல். மாலையில் தொடர் ஓட்டத்தின் முதல் சுற்று. ஊரிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டால் ஓட முடியாது என்று சாப்பிடாமலே இருந்தான். குளுக்கோஸ் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தான். ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி, எங்களிடம் ஒரே ஒரு ஜோடி, ஏழாம் எண். அவன் ஓடி முடித்ததும் கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான். அடுத்தவனின் கால் சிறியது. முன்பக்கத்தில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டு அவன் ஓடுவான். அது திரும்பி இவனிடம் வரும்போது காகிதம் வியர்வையில் ஊறியிருக்கும்.

இரண்டாம் நாள் 200 மீட்டர் இறுதியை ஓடி முடித்துவிட்டு வந்தவன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அப்போது ஒட்டுமொத்த சாம்பியன் கேடயத்துக்கு எங்களுக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் மூன்றே புள்ளி வித்தியாசம். கடைசிப் போட்டி 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். நான் அவனிடம் போய் ஒன்றே ஒன்று கேட்டேன்: "முடியுமா தம்பி?"

"முடியும் சார்" என்றான்.

மூன்றாவது ஆளாகப் பேட்டனை வாங்கினான். வளைவில் இரண்டு பேரைக் கடந்தான். நேர்க்கோட்டுக்கு வரும் இடத்தில் ஒரு சத்தம், காய்ந்த குச்சி ஒடிவதுபோல. எனக்குக் கேட்டது என்றே நினைக்கிறேன். அத்தனை கூச்சலில் கேட்டிருக்க முடியாது என்றும் தோன்றுகிறது. ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து வந்து பேட்டனைக் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தான்.

தசைப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். பிறகு கட்டுப் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நாம் உட்காரும்போது தரையில் அழுந்துமே, அந்த எலும்பின் ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. உருவியதில் அது இன்னும் விலகியிருந்தது. அதற்குப் பிறகு அவன் நடந்தான், சைக்கிள் ஓட்டினான், வேலைக்குப் போனான். பழைய வேகத்தில் ஓடவில்லை.

இதை விபத்து என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதன் காரணத்தைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியவர்களுக்குத் தொடையின் பின்தசை கிழியும். வளரும் பிள்ளைகளுக்குத் தசையும் அதன் நாணும் வலுவாகவே இருக்கும். அந்த நாண் எலும்பைப் பற்றியிருக்கும் இடம்தான் இன்னும் முழுசாக இறுகியிருக்காது. இடுப்பின் அடியில் உள்ள அந்த வளர்முனை எலும்போடு ஒன்றாகச் சேர்வதற்குப் பதினெட்டு இருபது வயதுக்கு மேலும் ஆகும். அதனால் முழுவேகத்தில் ஓடும்போது தசை இழுத்த இழுப்பில் எலும்பின் முனையே பெயர்ந்துவிடுகிறது. பதின்ம வயது ஓட்டக்காரர்களிடம் மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் காயம் இது. களைத்த கால் தரையில் ஊன்றும் விதமே மாறிவிடும். அன்றைக்கு அவனுக்கு எத்தனையாவது ஓட்டம் என்று எண்ணிப் பார்த்தேன். முதல் சுற்றுகளையும் சேர்த்தால் இரண்டு நாளில் ஒன்பதாவது.

பிள்ளை வலியை மறைப்பான். சார் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வான். கேட்கிறவர் அவனுக்குக் காலைப் பயிற்சிக்குப் பிறகு முட்டை வாங்கித் தருகிறவர், அப்பாவிடம் பேசிப் படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டவர். அவரிடம் முடியாது என்று எந்தப் பையன் சொல்வான்? அந்தக் கேள்வியைக் கேட்டதே என் தவறு. முடிவை நான் எடுத்திருக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வேகமாக ஓடும் பிள்ளையைப் பள்ளியிலேயே ஓடவைத்துத் தீர்த்துவிடாதீர்கள். அவன் ஓட்டம் பிளஸ் டூவோடு முடிகிற ஓட்டம் இல்லை. சரியாகச் சொன்னால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள சக்கிமங்கலத்தின் ஒலிம்பிக் ஓட்டக்காரர் ரேவதி வீரமணியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தார். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். ரேவதிக்கு அப்போது பதினாறு பதினேழு வயது. பயிற்சிக்கு அனுப்பச் சொன்னபோது பாட்டி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. சக்கிமங்கலத்திலிருந்து மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குத் தினமும் போய்வர நாற்பது ரூபாய் பஸ் கட்டணம் ஆகும். அந்த நாற்பது ரூபாய் வீட்டில் இல்லை. கண்ணன் விடவில்லை. பாட்டியிடம் பேசினார், லேடி டோக் கல்லூரியில் சேர உதவினார், தங்குவதற்கு வழி செய்தார். கல்லூரிக்குப் போன பிறகும் சில போட்டிகளில் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார்.

இந்தக் கதையைப் பேசும்போது எல்லோரும் வறுமையைப் பேசுகிறோம், வெறுங்காலைப் பேசுகிறோம். உடற்கல்வி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ரேவதியின் முறையான பயிற்சி பிளஸ் டூ வயதில்தான் தொடங்கியது. முதலில் 100, 200 மீட்டர்தான் ஓடினார். 2019-இல் பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போன பிறகு அங்கிருந்த பயிற்சியாளர் கலினா புகாரினா அவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னார். கண்ணனும் சரியென்றார். அதை நான் மிகவும் மதிக்கிறேன். கண்டெடுத்து வளர்த்தவர், பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் சொன்ன மாற்றத்துக்கும் சம்மதிப்பது எளிதில்லை. நம்மில் பலருக்கு அது வராது.

2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் ரேவதி 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். அந்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்பு 4x400 தொடர் ஓட்டம். முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். நான்கு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடினார்கள். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது, தோற்றதற்காக இல்லை. ரேவதிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. என் மாணவனுக்கு இருபத்து மூன்று வயதானபோது அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் நாம் கொண்டாடும் வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பையன்களுக்குப் பொதுவாகப் பதின்மூன்று பதினான்கு வயதில் உடம்பு ஒரேயடியாக வளரும். பெண்களுக்கு அதைவிட இரண்டு ஆண்டு முன்னால். ஒருவனுக்குப் பன்னிரண்டிலேயே மீசை அரும்பும், இன்னொருவன் பதினைந்து வரை சிறுவனாகவே இருப்பான். ஒரே பிரிவில் இரண்டு பேரும் நிற்கும்போது யார் ஜெயிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். முன்னால் வளர்ந்தவனுக்கு எல்லாப் போட்டியையும் கொடுத்து அலுக்கவைக்கிறோம். பின்னால் வளரப் போகிறவனைத் தண்ணீர்க் குடம் தூக்கவைக்கிறோம். பதினேழில் முதலாமவனை எல்லோரும் எட்டிப் பிடிக்கும்போது அவன் தன் வேகம் போய்விட்டதாக நினைத்து ஓட்டத்தையே விட்டுவிடுகிறான். அவன் வேகம் எங்கும் போகவில்லை. மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதை அவனுக்குச் சொல்ல ஓர் ஆளாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

பி.டி. உஷா ஒரே போட்டியில் எத்தனை ஓடினார், அவருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கூட்டங்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 100, 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம் என்று ஐந்து தங்கமும், 4x100-இல் ஒரு வெண்கலமும் வாங்கினார். உண்மைதான். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்காகத் தொடங்கிய விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பயிற்சியாளர், ஓ.எம். நம்பியார், ஒன்பது ஆண்டுகள் அந்த உடம்பைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார். சாப்பாடு, தூக்கம், ஓய்வு எல்லாம் அவர் கணக்கில் இருந்தன. பதினாறு வயதில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு திரும்பியபோது யாரும் அவரைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. அதனால்தான் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிடும் இடம் வரைக்கும் போக முடிந்தது. 1998-இல் ஃபுகுவோகா ஆசியப் போட்டியில் முப்பத்து நான்கு வயதிலும் பதக்கம் வாங்க முடிந்தது. உஷாவின் ஜகார்த்தாவைக் காட்டி, காலையில் சாப்பிடாமல் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை ஐந்து போட்டிகளில் ஓடவைக்காதீர்கள்.

ஜமைக்காவில் பள்ளி மாணவர்களின் தடகளப் போட்டி 1910-இலிருந்து நடக்கிறது. 'சேம்ப்ஸ்' என்பார்கள், நாடே திரண்டு வந்து பார்க்கும். பள்ளிக்குப் பள்ளி போட்டியும் கௌரவமும் அங்கே நம்மைவிடப் பல மடங்கு. பிள்ளைகளை அது கசக்கிப் பிழிகிறது என்ற குறை அந்த நாட்டிலும் உண்டு. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் உசைன் போல்ட் வந்தார். 2002-இல் கிங்ஸ்டனில் உலக ஜூனியர் போட்டி. பதினைந்து வயதில் பதற்றத்தில் காலணிகளை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 200 மீட்டரை 20.61 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 2004 ஏப்ரலில் 19.93, ஜூனியர் பிரிவில் 20 விநாடிக்குள் ஓடிய முதல் ஆள். நான்கே மாதத்தில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், காலில் காயத்தோடு, முதல் சுற்றிலேயே வெளியேறினார்.

நமக்குப் பாடம் அதற்கடுத்த நான்கு ஆண்டுகளில் இருக்கிறது. அவரைப் பொறுப்பேற்ற கிளென் மில்ஸ் அவசரப்படவில்லை. போல்ட்டுக்கு 100 மீட்டர் ஓட ஆசை. முதலில் 200 மீட்டரில் தேசிய சாதனையை முறியடித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார். 2007-இல் போல்ட் 19.75 ஓடி அதை முறியடித்தார். அதன் பிறகுதான் 100 மீட்டர். மறு ஆண்டு பெய்ஜிங்கில் 9.69. உலகத்திலேயே வேகமான காலுக்கு ஒரு போட்டியைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்க ஒருவருக்கு மனம் இருந்தது. நம் மாவட்டப் போட்டியில் நமக்கு அது வருவதில்லை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாக இருக்காது. நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். விளையாட்டு இட ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும், பிறகு காவல்துறை, ரயில்வே என்று வேலைக்கு வழி பிறக்கும். ரேவதிக்கே ரயில்வேயில்தான் வேலை கிடைத்தது. ஒரு பிள்ளையின் கையில் சான்றிதழ் கொடுத்தனுப்புவது அந்தக் குடும்பத்துக்கே சோறு போடுவது என்று நினைத்துத்தான் நாம் இத்தனையும் செய்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாவட்ட அளவில் ஐந்து போட்டிகளில் வாங்கிய ஐந்து சான்றிதழ்களைவிட மாநில, தேசிய அளவில் ஒரே போட்டியில் வாங்கிய ஒரு சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். அந்த ஒன்றை வாங்க அவன் மாநிலப் போட்டிக்கு முழு உடம்போடு போயிருக்க வேண்டும். மாவட்டத்திலேயே நொண்டவைத்து அனுப்பினால் எதை வாங்குவான்? ஐந்து போட்டிகளால் பயனடைவது பிள்ளை இல்லை. தலைமை ஆசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கேடயம்தான். என் மாணவன் ஓடி வாங்கிக் கொடுத்த கேடயம் அந்தப் பள்ளியில் இன்னும் இருக்கலாம். அந்த ஆண்டு நாங்கள் ஜெயித்தோம். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

அவசரத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்தபோது ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பலர் மைதானத்தைவிட்டே போய்விட்டார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர் ஓடினார். கழிவறையில் ஊசிகள் கிடந்தன. டெல்லிதானே என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. மாவட்ட மைதானங்களின் வாசலில் டப்பா டப்பாவாகப் பொடி விற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினாறு வயதில் மூன்று பதக்கம் வாங்கியே ஆக வேண்டும் என்று நாம் நெருக்கும்போது, "இதைக் குடித்தால் வலி தெரியாது தம்பி" என்று சொல்லும் ஒருவனிடம் பிள்ளையை நாமே தள்ளிவிடுகிறோம். எந்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. பரிசோதனையில் சிக்கினால் தடை மட்டும் அந்தப் பிள்ளையின் பெயரில் வரும்.

ஆகவே என் கோரிக்கை. வளரும் பிள்ளைக்கு ஒரு போட்டித் தொடரில் இரண்டு தனிப் போட்டியும் ஒரு தொடர் ஓட்டமும் போதும். விதி இன்னும் அதிகமாக அனுமதிக்கலாம். அனுமதிப்பதையெல்லாம் ஓடியே தீர வேண்டும் என்று விதியில் இல்லை. மீதி இடங்களுக்கு இரண்டாவது, மூன்றாவது வேகக்காரர்களை எழுதுங்கள்; பாதிப் பேருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் எண் அட்டையை மார்பில் குத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை அன்றைக்கு மறுபடி ஓடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. ஐஸ் வையுங்கள், எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள். போட்டி அட்டவணை போடும் அலுவலர்கள் 200 மீட்டர் இறுதிக்கும் தொடர் ஓட்டத்துக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் வையுங்கள். செயற்கைத் தடகளத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு யாரையும் நிறுத்தாதீர்கள்; உள்ளங்கால் தோல் கொப்பளித்து உரிவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒட்டுமொத்த சாம்பியன் கேடயத்தை நிறுத்தச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஒரு பிள்ளை எடுக்கும் புள்ளியில் இரண்டு போட்டிக்கு மேல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வைத்துவிட்டால், ஐந்து போட்டிகளில் ஒரே பெயரை எழுதும் ஆசை தானாக அடங்கும். இதைச் செய்யப் பணம் வேண்டாம், புதிய மைதானம் வேண்டாம். கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.

தாளாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் உடற்கல்வி ஆசிரியர் கேடயம் இல்லாமல் திரும்பி வரும் நாளில் அவரை அறைக்குக் கூப்பிட்டு ஏன் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் எல்லோரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்களா என்று கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த மூன்று புள்ளியை விட்டுக்கொடுக்கும் தைரியம் எனக்கு வந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

என் மாணவனை நான் இப்போதும் பார்க்கிறேன். அவன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். "வேகமா இருக்கிறாள் என்று பள்ளியில் சொல்கிறார்கள் சார், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான். ஓடச் சொன்னேன். முப்பது மீட்டர் போனதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தோள்கள் அசையவில்லை.

அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான். இத்தனை ஆண்டுகளில் அந்த நாளைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் வண்டியை உதைத்துக்கொண்டே, "இரண்டுக்கு மேல் வேண்டாம் சார்" என்றான்.

இந்த முறை குறுவட்டப் போட்டிக்கு அவள் பெயரை 100 மீட்டருக்கும் 4x100 தொடர் ஓட்டத்துக்கும் கொடுக்கச் சொல்லி அவள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பெண் இளையவர், மூன்று ஆண்டுதான் பணியனுபவம். தலைமை ஆசிரியர் நீளம் தாண்டுதலிலும் எழுதச் சொல்கிறாராம். ஆசிரியை தயங்கிக்கொண்டிருக்கிறார். அந்தத் தலைமை ஆசிரியரும் இந்த மடலைப் படிப்பார் என்று எதிர்பார்க்கிறேன். ஐயா, படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள், நேரில் வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர்